டேங்க் என்றொரு சொல்

எளிய சொல்தான். ஆங்கிலம் அறியாத பாட்டியும் அதை ஆள்கிறாள். அரிச்சுவடி முடிக்காத சிறுவனும் அதைச் சொல்கிறான். "டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்து" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கிறது. அந்தச் சொல்லைத்தான் இந்த வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்டோம். ஒரு சொல்லைப்போய் ஆராய்வதா, நாட்டிலே வேறு குறைகளே இல்லையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். குறைகள் குடியிருப்பதே பல நேரங்களில் சொற்களுக்குள்ளேதான் என்பது நமது எண்ணம்.

ஆவடியை அடுத்த வெள்ளானூரிலே, எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி தந்துகொண்டிருந்தோம். கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதினோம். ஊருக்குக் கிழக்கே ஒரு டேங்க் உண்டு என்பது அதன் பொருள். டேங்க் என்றால் என்ன என்று கேட்டோம். முதலில் எழுந்தவன், தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் மகன். "போர் டாங்கி ஐயா!" என்றான், பெருமிதத்தோடு. அடுத்து ஒரு மாணவி, "மாடியிலே கறுப்பாக இருக்குமே, அது" என்றாள். மோட்டார் சைக்கிளிலே பெட்ரோல் ஊற்றும் இடம் என்றான் மூன்றாமவன். தண்ணீர் லாரி என்றது ஒரு குரல். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், மெல்லிய குரலிலே, "செப்டிக் டேங்க்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பையன் உட்கார்ந்துவிட்டான்.

ஏரி என்று ஒருவரும் சொல்லவில்லை. பருத்திப்பட்டு ஏரியையும் புழல் ஏரியையும் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள்! மாணவர்மீது நமக்குக் குறையில்லை. அவர்கள் கேட்டதைச் சொன்னார்கள். செம்பரம்பாக்கத்தையும் புழலையும் வெள்ளையர் காலத்துப் பதிவேடுகள் 'டேங்க்' என்றே குறித்தன. பின்வந்தோர் அவற்றை 'லேக்' ஆக்கினர். பதிவேட்டிலிருந்து இறங்கிய சொல் மாடிமேல் ஏறிக்கொண்டது!

இந்தச் சொல்லின் பிறப்பே வேடிக்கையானது. ஆங்கிலச் சொல்தானே என்று நாம் நினைக்கிறோம். சொல்லாராய்ச்சியாளரோ, குசராத்தி, மராத்தி மொழிகளிலே நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கிய பெயரும், போர்த்துக்கேசியர் குளத்தைச் சுட்டிய 'டாங்க்கே' என்னும் சொல்லும் கலந்து ஆங்கிலத்திலே குடியேறியிருக்கக்கூடும் என்கின்றனர். இந்நாட்டு மண்ணிலே தோண்டிய குழியின் பெயர், கப்பலேறிச் சென்று, கோட்டும் தொப்பியும் அணிந்து நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது எனலாம். வந்தவரை நாம் 'துரை' என்று வரவேற்றோம். அவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்பது தெரியாது!

போர்க்கருவிக்கு இந்தப் பெயர் வந்தது 1915ஆம் ஆண்டிலே. முதல் உலகப் பெரும்போரின்போது பிரிட்டனிலே இரும்புக் கவசம் பூண்ட ஊர்தி ஒன்றை மறைவாகச் செய்துகொண்டிருந்தனர். ஒற்றர் காதுக்கு எட்டக்கூடாது என்பதற்காக, நீர் கொண்டு செல்லும் கலம் என்று பொய் பெயர் சூட்டினர். 1916 செப்டம்பர் 15இல், சோம் போர்க்களத்திலே அந்த 'நீர்க்கலம்' முதன்முதலாக நகர்ந்தது, நெருப்பைக் கக்கிற்று. பொய்யாக வைத்த பெயரே மெய்ப்பெயராக நிலைத்துவிட்டது. உள்ளே இருப்பதை மறைப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் அது. இதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் இங்கே வருவோம்.

முதலில் ஏரிக்குச் செல்வோம். நீர் நிற்கும் இடத்துக்குத் தமிழ் எத்தனை பெயர் வைத்திருக்கிறது! ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, கேணி, பொய்கை, வாவி. இவை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதத்தக்க அலங்காரச் சொற்கள் அல்ல. ஊரார் உண்ணும் நீருக்கு ஊருணி. வயலுக்குப் பாயும் நீருக்கு, தென் மாவட்டங்களிலே கண்மாய். நம் செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்திலே ஏரி. சிறிய அளவிலே நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். பூவிருந்தவல்லிச் சாலையிலே அய்யப்பன்தாங்கல் என்று பேருந்து நடத்துநர் கூவும்போது, இறங்குகிறவர் எத்தனை பேர் அந்தப் பெயருக்குள்ளே ஒரு நீர்நிலை இருப்பதை எண்ணுகின்றனர்? பழவந்தாங்கலிலே இரயிலுக்குக் காத்திருப்போர் எண்ணுகின்றனரா?

ஏர் என்ற சொல்லும் ஏரி என்ற சொல்லும் ஒரே வேரினவா என்று புலவர்கள் வாதிடட்டும். ஏரி என்றவுடன் ஏரும் கூடவே நினைவுக்கு வருகிறது. அது நமக்குப் போதும். ஏரி என்றால் கரை உண்டு. கரை என்றால் மதகு உண்டு. மதகு திறந்தால் வாய்க்கால் உண்டு. வாய்க்கால் பாய்ந்தால் ஆயக்கட்டு உண்டு. மிஞ்சிய நீர் வழிந்தோடக் கலங்கல் உண்டு. வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேரும். தமிழ்நாட்டிலே இப்படி ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு என்பது அரசு சொல்லும் கணக்கு. ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் வரவு என்னும் முறையிலே கோக்கப்பட்டவை பல. டேங்க் என்ற சொல் இதிலே எதைச் சொல்கிறது? நான்கு சுவர், நடுவே நீர், அவ்வளவுதான். தனித்து நிற்கும் பாத்திரம் ஒன்றைத்தான் அச்சொல் கண்முன் நிறுத்துகிறது. பாத்திரம் வற்றினால் கவிழ்த்து வைக்கலாம். இடம் அடைத்தால் எடுத்தெறியலாம். ஏரியை அப்படிச் செய்ய இயலாது. செய்தால், மேலூர் நீர் வழிதெரியாமல் வீட்டுக்குள்ளே வருகிறது.

சென்னை நகரம் அதைச் செய்து பார்த்தது. மாம்பலம் தொடங்கி நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியை வெள்ளையர் 'லாங் டேங்க்' என்றனர். 1920களிலே அதன் மாம்பலப் பகுதியை வடித்து, மனையாக்கி, ஒரு நகரையே எழுப்பினர். அந்த நகருக்கு வாய்த்த பெயர் தியாகராய நகர்! நீதிக்கட்சி கண்ட பெருமகனார் பிட்டி தியாகராயரின் பெயர். அங்குள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். நுங்கம்பாக்கத்து ஏரி கிடந்த நிலத்திலே 1976இல் திறக்கப்பட்டது வள்ளுவர் கோட்டம். நாம் போற்றும் பெயர்கள் அனைத்தும் ஏரியின்மேல் நிற்கின்றன. மாற்றார் செய்தால் சாடுவதும் நம்மவர் செய்தால் மூடுவதும் பகுத்தறிவுக்கு அழகல்ல, ஆகவே எழுதுகிறோம். ஏரி போயிற்று, தெருப்பெயர் மட்டும் இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலே டேங்க் பண்ட் சாலை உண்டு. மேற்கு மாம்பலத்திலே லேக் வியூ சாலை உண்டு. ஏரிக்காட்சிச் சாலை! காட்சி எங்கே என்று கேட்காதீர்கள். பெருமழை பெய்தால் அதுவே வந்து காட்டும். 2015 டிசம்பரிலே காட்டிற்று.

இதோடு கட்டுரையை முடித்து, 'அந்நியச் சொல் அழித்தது, அருந்தமிழ்ச் சொல் காத்தது' என்று முழக்கமிட்டுப் போய்விடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மை.

ஏரி என்ற சொல்லுக்குள்ளே ஏர் இருந்தது, மதகு இருந்தது, ஊர் இருந்தது என்றோமே, அந்த ஊரிலே யார் இருந்தார்கள்? உத்திரமேரூர்க் கல்வெட்டிலே ஏரி வாரியம் உண்டு என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தவை அந்தக் கல்வெட்டுகள். ஆண்டு 919, 921. குடவோலை முறை, குடியாட்சி மாட்சி என்றெல்லாம் புகழ்கிறோம். வாரியத்துக்கு யார் வரலாம் என்று அதே கல் சொல்வதைப் படித்தோமா? சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். சேற்றிலே இறங்கிக் கரை கட்டியவன் பெயர் குடத்துக்குள் விழவே வழியில்லை. ஏரியின் பெயரிலே ஊர் இருந்தது மெய். ஊரின் பெயரிலே சேரி இல்லை. ஊர்க்குளம் வேறு, சேரிக்குட்டை வேறு என்று பிரித்ததும் இதே இனிய தமிழ்தான்.

இங்கேதான் அந்த ஆங்கிலச் சொல் நம்மை வியப்பிலே ஆழ்த்துகிறது. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது டேங்க் எதிலும் தாழ்த்தப்பட்டோரைத் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. 1927 மார்ச் 20இல், மகாட் நகரத்துச் சவ்தார் குளத்திலே, அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீரருந்தினார். அது எல்லார்க்கும் உரியது என்று நகராட்சி முன்னமே அறிவித்திருந்தும், மேல்சாதியினர் சாணமும் கோமியமும் கொட்டிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தனர். வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அண்ணல் பக்கம் தீர்ப்பளித்தது. இந்திய அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கிணறு, டேங்க், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதிலே சாதி, மதம், பால் பார்த்து எவரையும் தடுக்கலாகாது என்கிறது அது. அங்கேயும் நிற்கிறது அந்தச் சொல்!

எந்த டேங்க் என்று சட்டம் கேட்கவில்லை. ஊருடையதா, சேரியுடையதா என்று பிரிக்கவில்லை. பிரிக்கத் தெரியாத சொல் அது. ஏரியின் உறவுகளைக் காணாத அதே குருட்டுச் சொல், சாதியின் எல்லைகளையும் காணவில்லை. குருடு ஒருமுறை கேடாயிற்று, மறுமுறை நீதியாயிற்று. ஆகவே இந்தச் சொல்லை நாடுகடத்த வேண்டும் என்று நாம் கோரவில்லை. அதன் கண் எங்கே குருடு என்பதை அறிந்து ஆளவேண்டும் என்கிறோம்.

நீர் டேங்கைப் பற்றி நெடிது பேசவேண்டியதில்லை, வீடுதோறும் பார்ப்பதுதானே. 2019 கோடையிலே சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்தபோது, சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு இரயிலிலே தண்ணீர் வந்தது. சூலை 12ஆம் நாள், 50 டேங்க் வண்டிகளிலே 25 இலட்சம் லிட்டர். ஏரியை டேங்க் என்றோம். ஏரி வற்றியதும் டேங்கே ஏரியாயிற்று. இன்னொன்று மட்டும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரிலே, புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலிலே, தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியிலே மலம் கலக்கப்பட்டிருந்தது. சட்டம் பிரிக்காத டேங்கை, ஊர் பிரித்துத்தான் வைத்திருந்தது. ஏணி வைத்து ஏறிப்பார்த்த பிறகுதான் அந்த நீரிலே என்ன மிதக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது.

மீண்டும் வகுப்பறைக்கு வருவோம். முதல் பையன் பெருமிதத்தோடு சொன்ன டேங்க். கடைசிப் பையன் சொல்லிக் கூசிய டேங்க். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்கு நெடுநாள் ஆசை.

ஆவடியிலே கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. மக்கள் வழக்கிலே அது 'டேங்க் பாக்டரி'. விஜயந்தா அங்கே உருவாயிற்று; பின்னர் அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். பெயர்களைப் பாருங்கள்! ஆவடித் தொழிலாளி வியர்வை சிந்திச் செய்கிறான். ஊர்தியோ குருட்சேத்திரத்துக்குப் புறப்படுகிறது. ஆவடி என்ற பெயரையே ஆங்கில எழுத்துகளாகப் பிரித்து, கவச ஊர்திக் கிடங்கின் சுருக்கம் என்று சொல்வோரும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்ப்பெயருக்கு ஆங்கிலத்திலே விரிவுரை தேடும் அந்த அறிஞர்களுக்கு நம் வணக்கம். சான்றொன்று காட்டினால் இன்னொரு வணக்கமும் உண்டு.

அதுகிடக்க. பீஷ்மா என்ற அந்த ஊர்தி நாற்பது டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. உள்ளே இருப்போர் மூவர். பகைவன் நச்சுப்புகை வீசினாலும் அந்த மூவரின் மூக்கிலே அது ஏறக்கூடாது என்பதற்காக, வெளிக்காற்றை வடிகட்டி, உள்ளே காற்றழுத்தம் மிகுத்து, புகை நுழையாதபடி செய்யும் பொறியமைப்பு உண்டு. மூன்று உயிருக்காக எத்துணை அறிவு! எத்துணைப் பொருள்! வேண்டியதுதான், உயிரல்லவா?

இனி மற்ற டேங்க். வீட்டுக்குப் பின்னால், சிமெண்டு மூடிக்குக் கீழே, காற்றில்லாத இருட்டிலே மலம் அழுகும்போது நச்சுக்காற்று பிறக்கிறது. அழுகிய முட்டை நாறுமே, அந்த நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு. அதன் கொடுமை என்ன தெரியுமா? சிறிதளவு இருந்தால் நாறும்; அளவு மிகுந்தால் முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இன்னும் ஓரடி இறங்குகிறான் மனிதன். அந்த அடியிலே விழுகிறான். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான். அவனைத் தூக்க மூன்றாமவன். அங்கே மூவரைக் காக்கும் கவசம். இங்கே மூவருக்கும் சேர்த்து ஒரு கயிறு. இரண்டுக்கும் ஒரே பெயர்: டேங்க்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், காப்புக் கருவியின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ மனிதனை இறக்குவது குற்றம், முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை என்கிறது. 2014 மார்ச்சிலே உச்சநீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபரிலே அதை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. விலை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. இச்சாவுகள் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இறங்குவோர் எந்தச் சாதியினர் என்று இந்த ஏட்டின் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டுமா?

முன்பு நினைவிலே வைக்கச் சொன்னோமே, உள்ளே இருப்பதை மறைப்பதற்காகத் தேர்ந்த சொல் என்று. மலக்குழி என்று சொன்னால் மூக்கைச் சுளிக்கிறோம். செப்டிக் டேங்க் என்றால் மருத்துவமனை வாடை வீசுகிறது. ஏதோ தூய்மையான கருவி போலத் தோன்றுகிறது. மணவீட்டாரிடமும் தயங்காமல் சொல்லலாம். மலம் என்ற சொல் மறைந்தது. அதோடு மலத்திலே நிற்கும் மனிதனும் மறைந்தான். 'டேங்க் கிளீனிங்' என்று சுவரிலே எழுதித் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கிறார்கள். மாடித் தொட்டியைக் கழுவுவதா, மலக்குழியிலே இறங்குவதா என்று அந்தச் சொல்லைக் கொண்டு சொல்ல முடியுமா?

நாளேடுகள் கூடுதலாக ஒரு திரை போடுகின்றன. 'விஷவாயு தாக்கி மூவர் பலி.' எத்தனை ஆண்டுகளாக இந்தத் தலைப்பைப் பார்க்கிறோம்! அச்சுக்கோத்த நாள்முதல் கலைக்காமலே வைத்திருக்கிறார்களோ என ஐயுறும் அளவுக்கு, ஊர்ப்பெயர் ஒன்றே மாறுகிறது. வாயு தாக்கிற்றாம்! புலி தாக்கியது போல, இடி தாக்கியது போல. வாயு தன் இடத்திலே, மூடிக்குக் கீழே, அமைதியாக இருந்தது. அது யாரையும் தேடி வரவில்லை.

அந்தத் தலைப்பை மறுநாள் கரும்பலகையிலே எழுதினோம். அது இலக்கண வகுப்பு. எழுவாய், பயனிலை சொல்லுங்கள் என்றோம். மூவர் எழுவாய், பலி பயனிலை என்றனர். தாக்கியது எது? வாயு. சரி, மூடியைத் திறந்தது வாயுவா? இல்லை. கயிற்றைக் கட்டியது? இல்லை. ஐந்நூறு ரூபாய் தருகிறேன், இறங்கு என்றது? வகுப்பிலே ஓசையில்லை. இப்போது எவரும் சிரிக்கவில்லை. வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள் என்றோம். நாற்பது தலைகள் குனிந்தன. சற்றுப் பொறுத்துக் கடைசி வரிசைப் பையன் எழுந்தான்.

"ஐயா, இறக்கிவிட்டவர் பெயர் இதிலே இல்லையே. எழுவாய்க்கு என்ன எழுதுவது?" என்றான்.

இடம் விட்டு எழுது என்றோம்.